பனி விழாத ஊரில் குழாயை ஏன் வடிக்க வேண்டும்?

ஒக்டோபர் 7, காலை. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

பழைய மிட்சுபிசி ரோசா பஸ் ஒன்றை வாங்கி, படுக்கை, குசினி, குளியல் எல்லாம் வைத்து அறுகம்பேக்கு சேர்ஃபிங் வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுகிறேன். சீசன் முடிந்துவிட்டது. இனி ஏப்ரல் வரை வண்டி வீட்டு வளவில்தான் நிற்கும். கனடாவில் இருக்கிற மச்சான் போன் எடுத்து, "குழாயெல்லாம் வடித்துப்போட்டு ரோஸ் கலர் தண்ணி ஒன்று விட வேணும், இல்லாட்டி வெடிச்சிடும்" என்கிறார். இங்கே எங்கே பனி? மார்கழியிலும் ஃபேன் போட்டுத்தான் படுக்கிறோம். தாங்கியில் 100 லீற்றர் தண்ணீர் நிற்கிறது. அப்படியே விட்டால் என்ன?

ஒக்டோபர் 7, இரவு

மச்சான் சொன்னது அவருடைய ஊருக்கு முழுக்கச் சரி, உங்களுடைய வளவுக்குப் பாதி சரி. வடிக்க வேண்டும். ரோஸ் தண்ணி, அதாவது குளிரில் குழாய் வெடிக்காமலிருக்க விடுகிற திரவம், வேண்டாம்.

நான் மட்டக்களப்பு கல்லடியில் முப்பது வருடமாக பைப் வேலை செய்கிறவன். மகள் கனடாவில், கல்கரியில். இரண்டு தடவை விசிற் விசாவில் போய் ஆறாறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். மருமகனிடம் உங்கள் பஸ் மாதிரியே ஒரு வீட்டு வண்டி, மோட்டார் ஹோம், இருக்கிறது. அதைக் குளிர்காலத்துக்கு மூடி வைக்கிற வேலையை இரண்டு தடவையும் நான்தான் செய்தேன். முதல் தடவை பிழையாகச் செய்தேன், அதையும் சொல்கிறேன். இப்போது நித்திரை வருகிறது.

ஒக்டோபர் 8

முதலில் அங்கே ஏன் வெடிக்கிறது என்று. தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 வீதம் பருக்கும். நான் நினைத்திருந்தது, ஐஸ் பருத்து அந்த இடத்திலேயே குழாயைப் பிளக்கும் என்று. பெரும்பாலும் அப்படியில்லை. ஓரிடத்தில் ஐஸ் அடைப்பான் போல இறுகி வளர, அதற்கும் மூடிய பைப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக வழியில்லாமல் அமுக்கம் ஏறி, எது பலவீனமோ அது உடைகிறது. அதனால்தான் வடித்த பிறகும் எல்லாப் பைப்பையும் திறந்தே விடச் சொல்கிறார்கள். (எங்கள் ஊர் வழக்கில் எழுதுகிறேன்: சுவருக்குள் ஓடுவது குழாய், கையால் திறப்பது பைப். இந்தியத் தமிழர் யாராவது படித்தால் குழம்ப வேண்டாம்.)

மோட்டார் ஹோமில் இப்போது ஓடுவது பெரும்பாலும் பெக்ஸ் என்கிற பிளாஸ்ரிக் குழாய். அது கொஞ்சம் இழுபடும், தாங்கும். உடைவது இணைப்புகள், பைப்பின் உள்வால்வு, கொமட்டுக்குப் பின்னால் இருக்கிற வால்வு, பம்பின் தலை, பம்புக்கு முன்னால் கண்ணாடி மாதிரித் தெரிகிற அந்த வடிக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தில் நிற்பது ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணீர்தான். உடைந்தால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

கல்கரியில் செப்டம்பரிலேயே உறைபனி விழத் தொடங்கிவிடும். ஒக்டோபர் இரண்டாவது திங்கள் அங்கே நன்றி சொல்லும் நாள், லீவு. அந்த லீவோடு கடைசிப் பயணத்தை முடித்து வந்து வேலையைத் தொடங்குவார்கள். நான் போன முதல் தடவை, மருமகன் வேலைக்குப் போய்விட்டார். "மாமா, நீங்க சும்மா இருங்க, சனிக்கிழமை நான் செய்யிறன்" என்றார். முப்பது வருடம் பைப் வேலை செய்தவனைச் சும்மா இரு என்றால் இருப்பானா?

சுடுதண்ணி ஹீற்றரின் காஸையும் கரண்டையும் முதல் நாளே நிறுத்தி ஆறவிட்டேன். அதற்கு வேறு காரணமும் உண்டு: தண்ணீர் இல்லாமல் கரண்ட் ஹீற்றர் எரிந்தால் உள்ளே உள்ள எலிமென்ற் ஒரு நிமிடத்தில் போய்விடும். அமுக்க வால்வைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கும் மூடியைக் கழற்றினால் தண்ணீர் பாய்ந்தது, கடைசியில் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு. மூடியோடு ஒரு நீளக் கம்பியும் வந்தது, கறையான் தின்ற பூவரசங் கம்பு மாதிரி. அதுதான் அனோட் கம்பி. இரும்புத் தொட்டியை அரிப்பதற்குப் பதில் துரு இதைத் தின்னட்டும் என்று வைப்பது. அலுமினியத் தொட்டி ஹீற்றரில் இது இருக்காது, பிளாஸ்ரிக் மூடி மட்டும்தான். இதைத் தெரியாமல் இரண்டுக்கும் ஒரே மூடியைத் தேடி அலையாதீர்கள்.

பிறகு நல்ல தண்ணித் தாங்கி, அழுக்குத் தாங்கிகள், வண்டிக்கு அடியில் சூடு ஒன்று குளிர் ஒன்று என்று இருக்கும் தாழ்ந்த வடிகால்கள் எல்லாம் திறந்தேன். ஃபில்டரைக் கழற்றினேன். பம்பின் உறிஞ்சு வாயில் ஒரு சின்ன ஹோஸ் போட்டு ரோஸ் திரவக் கேனுக்குள் விட்டு, பம்பைப் போட்டு, ஒவ்வொரு பைப்பாகத் திறந்தேன். முதலில் பைப் இருமும். காற்று, கொஞ்சம் தண்ணீர், மறுபடி காற்று, பிறகு நிறமில்லாமல், பிறகு லேசாக, பிறகு சர்பத் நிறத்தில் வரும். சர்பத் வந்தால் மூடு. குளிர் பக்கம் அப்படித்தான் வந்தது. சூடு பக்கம் வரவே இல்லை. இரண்டாவது கேன், மூன்றாவது கேன். நான் பைப்பில் அடைப்பு என்று நினைத்து நுனியைக்கூடக் கழற்றிப் பார்த்தேன்.

ஹீற்றரைத் தாண்டிப் போகிற பைபாஸ் வால்வைத் திருப்ப மறந்திருந்தேன். ஆறு கலன், அதாவது 23 லீற்றர் பிடிக்கிற தொட்டிக்குள் அவ்வளவும் போய்க்கொண்டிருந்தது. பைபாஸ் சரியாக இருந்தால் முழு வண்டிக்கும் இரண்டு மூன்று கேன் போதும்.

மருமகன் வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் போய் நாலு கேன் வாங்கிவந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த மௌனம் திட்டியதைவிட மோசம். அதில் மூன்று முடிந்தது, ஒன்றை நான் ஒளித்து வைத்தேன், எப்போதாவது உதவும் என்று.

ஒக்டோபர் 8, சற்றுப் பிறகு

ஒன்று விட்டுப்போச்சு. அந்த ரோஸ் திரவம் புரோப்பிலீன் கிளைக்கோல், குடிநீர்க் குழாயில் விடக்கூடியது. கார் ரேடியேற்றருக்கு விடுகிற எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு. அதை ஒருபோதும் விடக்கூடாது. "இதுவும் கூலன்ற்தானே" என்று யாராவது பாஸ் (கைவேலைக்காரரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னால் வேறு பாஸைப் பிடியுங்கள்.

கேனில் −50 என்று போட்டிருக்கும். அது பாரன்ஹைட், செல்சியஸில் ஏறக்குறைய −46. அதுவரை உறையாது என்பதல்ல, அதுவரை குழாயை உடைக்காது என்பதுதான் கணக்கு. அதற்கு வெகு முன்பே ஐஸ்பழம் மாதிரிக் கூழாகிவிடும். தண்ணீர் கலந்தால் அந்தக் கணக்கும் பிழைக்கும். அதனால்தான் முதலில் நன்றாக வடிப்பது.

ஒக்டோபர் 10

காத்தான்குடியிலிருந்து ஒருவர் கேட்கிறார், திரவம் இல்லாமல் கம்ப்ரஸரால் ஊதிவிட்டால் என்ன என்று. ஊதலாம். நிறையப் பேர் அங்கே அப்படித்தான் செய்கிறார்கள். வெளியிலிருந்து தண்ணீர் எடுக்கிற வாயில் ஒரு முனையைப் பூட்டி, ஒரு பைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஊத வேண்டும். அமுக்கம் 60 பிஎஸ்ஐ வைத்தால் சுறுக்காக முடியும். ஊதினாலும் சிங்குக்கு அடியில் வளைந்திருக்கும் ட்ராப்களில் மட்டும் திரவம் ஊற்றத்தான் வேண்டும், அங்கே காற்று தண்ணீரை விரட்டாது.

ஒக்டோபர் 10, இரவு

60 என்று எழுதியது பிழை. ரெகுலேற்றரை 40க்கு மேல் ஏற்ற வேண்டாம். 30 இலும் வேலை நடக்கும், நேரம்தான் எடுக்கும். நான் புதிய வீட்டுக் குழாயை அமுக்கம் பார்க்கிற பழக்கத்தில் எழுதிவிட்டேன். வண்டியின் இணைப்புகளும் வால்வுகளும் அந்த வீட்டுக் குழாய் மாதிரி இல்லை. ஏற்கெனவே படித்தவர்கள் மன்னிக்க.

ஒக்டோபர் 15

வேலைக்குப் போகாத நாள், கதை சொல்கிறேன்.

கல்கரியில் மாரிக்கு நடுவில் ஒரு காற்று அடிக்கும், சினூக் என்பார்கள். இன்றைக்கு −20, நாளைக்கு மத்தியானம் கழுத்துக் குட்டையைக் கழற்றிவிட்டு நடக்கலாம். ரொக்கி மலைக்கு மேற்கே ஈரத்தையெல்லாம் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடேறி வருகிறது. மகள் வீட்டு வாசலில் நின்று அந்தக் காற்று முகத்தில் பட்டதும் நான் சொன்னேன், "இது எங்கட கச்சான்தானே" என்று. பிள்ளை சிரித்தாள். ஆனால் உண்மைதான். ஆனி ஆடியில் மட்டக்களப்பில் வயலையும் உதட்டையும் காயவைக்கிற கச்சானும் மத்திய மலைநாட்டைத் தாண்டி இறங்குகிற அதே வகைக் காற்று. மலை அதே வேலையைத்தான் செய்கிறது, கொடுப்பதுதான் வேறு. எங்களுக்கு வெக்கை, அவர்களுக்கு ஆறுதல்.

அந்த ஆறுதலை நம்பித்தான் பலர் கெடுகிறார்கள். சினூக் அடித்ததும் "ஒரு பயணம் போவோம்" என்று குழாயில் தண்ணீர் ஏற்றுவார்கள். காற்று இரண்டு நாளில் போய்விடும். உறைந்து வெடித்த குழாயும் உறைந்திருக்கும்வரை ஒழுகாது, ஐஸே அடைப்பாக நிற்கும். இளகும் நாளில்தான் தெரியவரும்.

என் பிழையும் அப்படித்தான் தெரியவந்தது. நான் ஊருக்கு வந்து மூன்று மாதம் கழித்து, மே மாதம், மகள் வீடியோ கோல் எடுத்துக் காட்டினாள். வண்டியின் வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவுக்குள் கால் கழுவ ஒரு ஷவர் இருக்கிறது. அதை நான் காணவேயில்லை. உள்ளே இருந்த பைப்பின் உடல் நெடுகப் பிளந்து, நூல் மாதிரித் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தது. 23 லீற்றர் பிடிக்கிற ஹீற்றருக்கு ரோஸ் திரவத்தை ஊட்டினேன், அதற்கு ஒரு கரண்டி கொடுக்கவில்லை.

ஒக்டோபர் 17

நுவரெலியாவுக்கு வண்டி கொண்டுபோகிறவர் ஒருவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஜனவரி, பெப்ரவரியில் அங்கே சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி படியும், உருளைக்கிழங்குச் செடி கருகும். அதற்காக வண்டியில் ரோஸ் திரவம் விட வேண்டாம். சில மணி நேரக் குளிரில் புல் உறையும், தாங்கியில் இருக்கிற 100 லீற்றர் உறைய அது போதாது. வெளியே நிலத்தில் கிடக்கிற ஹோஸை மட்டும் இரவு கழற்றி வடித்துவிட்டுப் படுங்கள். கம்பளி இரண்டு கொண்டுபோங்கள், அதுதான் அவசியம்.

ஒக்டோபர் 22

சரி, அக்கரைப்பற்றுத் தம்பிக்கு இன்னும் நான் நேரே பதில் சொல்லவில்லை. உங்களுக்குப் பகை ஐஸ் இல்லை, சூடு. லெஜியனெல்லா என்று ஒரு பக்டீரியா, 25 முதல் 45 பாகை வரை இளஞ்சூட்டில் அசையாமல் நிற்கிற தண்ணீரில் பெருகும். நம்முடைய ஊரில் வருடம் முழுக்க அந்தச் சூடுதான். ஷவரைத் திறக்கிறபோது தூவலோடு மூச்சில் போய் நிமோனியா வரும். பைப் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ, ஆறு மாதம் தாங்கியில் நின்றால் போட்ட குளோரின் எப்போதோ போயிருக்கும், சுவரில் வழுவழுவென்று பாசி பிடித்திருக்கும். விரலால் தடவிப் பாருங்கள், விரால் மீனைத் தொட்ட மாதிரி இருக்கும்.

அடுத்தது நுளம்பு. தாங்கியின் நிரம்பல் குழாய், அதாவது நிரம்பி வழிவது வெளியே போகிற குழாய், வழியாக உள்ளே போகும். டெங்கு நுளம்பின் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். மாரியில் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வளவு வளவாக வருவார். சிரட்டையையும் டயரையும் கவிழ்த்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்குள் 100 லீற்றர் பண்ணை வைத்திருந்தால் அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

ஆகவே: தாங்கி, ஹீற்றர் இருந்தால் ஹீற்றர், வடிகால் எல்லாம் திறந்து வடியுங்கள். பைப்களைத் திறந்து வைத்து, கடைசிச் சொட்டுக்கு பம்பை ஒரு பத்துப் பதினைந்து செக்கன் ஓடவிட்டு நிறுத்துங்கள், அதற்கு மேல் வெறுமனே ஓட்ட வேண்டாம். பம்பின் வடிக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். அறுகம்பே மணல் அதில் ஒரு பிடி இருக்கும், பந்தயம். மலத் தாங்கியை வடித்தால் மட்டும் போதாது, இரண்டு தடவை கழுவி வடிக்க வேண்டும். அடியில் காய்ந்து இறுகிவிட்டால் ஏப்ரலில் கம்பியால் சுரண்டுகிற வேலை உங்களுடையது.

சிங்கின் ட்ராப்பில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும், வடிக்காதீர்கள். அது வற்றினால் அழுக்குத் தாங்கியின் நாற்றம் நேரே உள்ளே வரும். மேலே இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊற்றிவிட்டால் தண்ணீர் ஆவியாகாது.

நிரம்பல் குழாயின் வாயைப் பொலித்தீன் பையால் மூடி ரப்பர் பாண்ட் போடுங்கள்.

ஒக்டோபர் 29

தேங்காய் எண்ணெய் வேண்டாம். வீட்டில் மனைவி படித்துவிட்டு, "ஆறு மாசம் மூடின பஸ்ஸுக்குள்ள காறின எண்ணெய் மணம் எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சீங்களா?" என்று கேட்டார். யோசிக்கவில்லை. எறும்பும் கரப்பானும் வரும். மணமில்லாத மினரல் ஒயில், தையல் மெஷினுக்கு விடுகிற மாதிரி மெல்லியது, ஒரு மூடி போதும். அதுவும் இல்லையென்றால் மாதத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். வண்டி உங்கள் வளவில்தானே நிற்கிறது.

நவம்பர் 23

இன்றைக்கு 1978 சூறாவளி வந்த நாள். மட்டக்களப்பில் அந்த வயதுக்காரர் யாரும் இந்தத் திகதியை மறக்கமாட்டார்கள். அதை நினைத்தபோது இன்னொன்று ஞாபகம் வந்தது.

2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வளவில் நிலத்தில் வைத்திருந்த 1000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி, கழுவ வேண்டும் என்று வடித்து வைத்திருந்தேன், மிதந்து போய்ப் பக்கத்து வீட்டு வேலியில் ஏறி நின்றது. பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, உங்கட தாங்கி விருந்துக்கு வந்திருக்கு" என்று கூப்பிட்டுச் சொன்னார். வெறும் தாங்கி ஒரு தோணி. பஸ்ஸுக்கு அடியில் கட்டின தாங்கிக்கும் அதே விதிதான், தகட்டுப் பட்டி ஒன்று துருப்பிடித்திருந்தால் வெள்ளம் தள்ளித் தூக்கி இணைப்பைப் பிய்த்துவிடும். அதனால் தண்ணீரை விட்டுவைக்கச் சொல்லவில்லை. வண்டியை மேட்டில் நிறுத்துங்கள், பட்டியைத் தட்டிப் பாருங்கள்.

டிசம்பர் 4

பொலித்தீன் என்று எழுதியிருந்தேனே, அது பிழை. நுளம்பு வலைத் துண்டைக் கட்டுங்கள். அந்த வாய்தான் தாங்கி மூச்சு விடுகிற வாயும். பொலித்தீன் கட்டினால் உள்ளே புழுக்கம் பிடிக்கும், யாராவது கழற்ற மறந்துபோய் பம்பைப் போட்டால் வேறு வில்லங்கமும் உண்டு. குளவி கூடு கட்டாமலிருக்கவும் வலை போதும்.

ஏப்ரல் 11

தம்பி போன் எடுத்தார். வண்டியைக் கிளப்புகிறாராம். ஏற்கெனவே சொல்லாத ஒன்றைச் சொன்னேன், இங்கேயும் வைக்கிறேன். தண்ணீர் ஏற்றியதும் வாசனை சேர்க்காத சாதாரண பிளீச், 100 லீற்றருக்கு ஏறக்குறைய 100 மில்லிலீற்றர், முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தாங்கியில் ஊற்றி, ஒவ்வொரு பைப்பிலும் குளோரின் மணம் வரும்வரை திறந்து மூடி, ஓரிரவு விட்டு, பிறகு மணம் போகும்வரை கழுவி வடிக்க வேண்டும். அங்கே கல்கரியிலும் வசந்தத்தில் ரோஸ் திரவத்தைக் கழுவியெடுத்த பிறகு இதையேதான் செய்கிறார்கள். பிளீச்சோடு வினாகிரி சேர்க்கக்கூடாது, நச்சுக் காற்று வரும். இரண்டையும் ஒரே நாளில் செய்யவேகூடாது.

ஏப்ரல் 13

அவர் டிசம்பர் 4 இல் எழுதியதைப் படிக்கவில்லை.

பொலித்தீன் கட்டினபடியே இருந்தது, ஆறு மாத வெயிலில் குழாயோடு ஒட்டிப்போய், மேலே குளவி மண் பூசியிருந்தது. தண்ணீர் ஊற்றுகிற வாய் வழியாக நிரப்பி, மூடியை இறுக்கி, பைப்பைத் திறந்துவிட்டு பம்பைப் போட்டிருக்கிறார். தண்ணீர் நன்றாக வந்தது. ஒரு அரைத் தாங்கி போனதும் வண்டிக்கு அடியில் டொம் என்று ஒரு சத்தம். பஸ்ஸுக்குள் இருந்த அவருடைய வாப்பா டயர் வெடித்தது என்று குதித்து இறங்கினாராம். தாங்கியின் வயிறு உள்ளே போய்விட்டது, பட்டினி கிடந்த மாடு மாதிரி. பம்ப் இழுக்கிறது, காற்று உள்ளே வர வழியில்லை.

நான் பஸ் ஏறிப் போனேன், என் பிழை. பொலித்தீனைக் கிழித்து, குளவி மண்ணை ஈர்க்கால் குத்தியெடுத்து, நல்ல சூட்டில், கொதிக்காத தண்ணீரை மேல்வாயால் மெல்ல மெல்ல ஊற்றினோம். முக்கால்வாசி நிரம்பியபோது மறுபடி டொம். வெளியே வந்துவிட்டது. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றது. அதில் விரலை வைத்து அரை மணி நேரம் குந்தியிருந்தேன், ஈரம் வரவில்லை. வாப்பா ஒன்றும் பேசாமல் எனக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தார். கல்கரி மருமகன் ஞாபகம் வந்தது.

மே 9

தம்பியின் வண்டி அறுகம்பேயில் நிற்கிறது, ஒழுக்கு இல்லை என்று படம் அனுப்பியிருக்கிறார்.

இன்று பின்னேரம் மகள் கோல், அங்கே விடியக்காலை. போன கிழமைதான் ரோஸ் திரவத்தையெல்லாம் கழுவி வெளியே விட்டு, பிளீச் போட்டு, வண்டியைத் தயார் பண்ணினார்களாம். இரவு மறுபடி பனி கொட்டி, வண்டிக் கூரையில் ஒரு முழம் நிற்கிறது. கடை திறக்க இன்னும் இரண்டு மணி நேரம். "அப்பா, என்ன செய்யிற?" என்றாள்.

கராஜில் பெயின்ற் டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு கேன் இருக்கும், எடு என்றேன். வெளி ஷவருக்கு முதலில் விடச் சொன்னேன்.